கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு (பம்பாய், 1984): ஒரு மதிப்பீடு

கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு 1984 ஜனவரியில் பம்பாயில் நடந்த பன்னாட்டுக் கூடுகை. ஜெர்மானியப் பண்பாட்டு நிறுவனமான மாக்ஸ் முல்லர் பவன், பம்பாயின் தேசிய நிகழ்த்துகலை மையத்துடன் இணைந்து இதை நடத்தியது. மாக்ஸ் முல்லர் பவனின் கேயார்க் லெக்னர் இதற்குப் பின்னிருந்த முதன்மையான அமைப்பாளர். இந்திய, ஐரோப்பிய நடனக் கலைஞர்களும் நடன அமைப்பாளர்களும் ஆய்வாளர்களும் இதில் ஒன்றுகூடினர். சந்திரலேகா, குமுதினி லாகியா, உத்தரா ஆஷா கூர்லாவாலா, ஜெர்மனியின் சூசன் லிங்கே ஆகியோர் இதில் கலந்துகொண்டவர்களில் சிலர்.

இந்திய நடன வரலாற்றை எழுதுபவர்கள் இச்சந்திப்பை ஒரு திருப்புமுனையாகவே குறிப்பிடுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பகுதி நியாயமானது. ஆனால் இச்சந்திப்பின் தலைப்பிலேயே இருந்த ஒரு பிரிவினையும், அது யாரை நினைவில் நிறுத்தியது என்பதும் தனியே ஆராயப்பட வேண்டியவை.

கூடுகைகள் நடனத்தை உருவாக்கும் விதம்

மாநாடு என்பது ஏற்கெனவே இருக்கும் கலையைப் பற்றிப் பேசும் இடம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இந்திய நடனத்தின் நவீன வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. இங்கே மாநாடுகள் கலைக்குப் பெயர் வைத்திருக்கின்றன, எல்லை வகுத்திருக்கின்றன, யார் ஆடலாம் என்பதையும் தீர்மானித்திருக்கின்றன.

1932ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை நாளிதழ்களில் சதிர் ஆட்டத்தைப் பற்றிக் கடுமையான விவாதம் நடந்தது. முத்துலட்சுமி ரெட்டி ஒரு பக்கமும் ஈ. கிருஷ்ண ஐயர் மறுபக்கமும் நின்றனர். அதைத் தொடர்ந்து வந்த மியூசிக் அகாதெமி மாநாட்டில் சதிர், ‘பரதநாட்டியம்’ என்ற பெயரில் ஏற்பும் மதிப்பும் பெற்றது. அதே அகாதெமியின் மேடையில் 1931இலும் 1933இலும் ஆடியவர்கள் ‘கல்யாணி மகள்கள்’ என்று அறியப்பட்ட, மரபுவழி ஆடல் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரிகள். கலைக்கு மதிப்பு கூடியது. ஆனால் அதைக் காலங்காலமாகக் காத்துவந்த பெண்களுக்கு அந்த மதிப்பில் பங்கு கிடைக்கவில்லை. 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறிய பிறகு பரதநாட்டியம் மேல்தட்டுக் குடும்பங்களின் கலையாக வேகமாக மாறியது.

1958இல் சங்கீத நாடக அகாதெமி டெல்லியில் நடத்திய நடனக் கருத்தரங்கு இன்னொரு சான்று. ஒடிசி ஒரு தனிச் செவ்வியல் நடனம் என்ற வாதம் அங்கே முன்வைக்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் ஒடிசாவின் ஆசான்களும் ஆய்வாளர்களும் ‘ஜயந்திகா’ என்ற அமைப்பில் கூடி, ஒடிசிக்கு இன்றுள்ள கச்சேரி வரிசையை வகுத்தனர். மங்களாசரணம் முதல் மோட்சம் வரையான அந்த வரிசை கோயிலிலிருந்து அப்படியே எடுத்துவரப்பட்டதல்ல. ஆசான்களும் அறிஞர்களும் கூடிப் பேசி அமைத்தது.

இந்தப் பின்னணியில்தான் பம்பாய்ச் சந்திப்பைப் பார்க்க வேண்டும். முந்தைய கூடுகைகள் ‘எது மரபு?’ என்று கேட்டன. பம்பாய் ‘இந்த மரபு இன்றைய மனிதருக்கு எதற்கு?’ என்று கேட்டது. செவ்வியல் நடனக் கலைஞர்களை அவர்கள் கலையின் பெருமையைப் பற்றிப் பேசச் சொல்லாமல், அதன் இன்றைய பொருத்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னது அந்தக் காலத்தில் புதிது. மூன்றாண்டுகளுக்கு முன், 1981இல், சென்னை ஸ்ரீ கிருஷ்ண கான சபா தொடங்கிய நாட்டிய கலா மாநாடும் ஆடுபவரையும் ஆய்பவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதன் மையம் செவ்வியல் மரபை விளக்குவதிலேயே இருந்தது.

சந்திரலேகாவின் மீள்வரவு

சந்திரலேகா (1928–2006) மகாராஷ்டிரத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்றவர். 1952இல் நடந்த அவரது அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. நீர் விளையாட்டை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, எந்த மக்களுக்காக ஆடுகிறாரோ அவர்களுக்குக் குடிக்கவே நீரில்லை என்ற எண்ணம் தன்னை உலுக்கியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கலைக்கும் வாழ்வுக்கும் இடையே அவர் அன்று கண்ட அந்தப் பிளவு அவரை விட்டு நீங்கவில்லை. 1972இல் ‘நவக்கிரகம்’ ஆக்கத்துக்குப் பிறகு மேடையிலிருந்து விலகி எழுத்து, சுவரொட்டி வடிவமைப்பு, பெண்கள் இயக்கம் ஆகியவற்றில் ஈடுபட்டார்.

பம்பாய்ச் சந்திப்பு அவரைத் திரும்ப அழைத்துவந்தது. பழைய ஆக்கங்களின் பகுதிகளை அவர் அங்கே மறுபடியும் நிகழ்த்தினார். செவ்வியல் நடனத்தின் இன்றைய பொருத்தம் குறித்த அவரது கட்டுரை அதே ஆண்டில் தேசிய நிகழ்த்துகலை மையத்தின் காலாண்டிதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ‘அங்கிகா’ (1985) வந்தது. பரதநாட்டியத்தின் அடவுகளைக் களரிப்பயிற்றுடனும் யோகத்துடனும் அருகருகே வைத்து, நடனம் உடலின் உழைப்பிலிருந்தும் போர்ப்பயிற்சியிலிருந்தும் எப்படிக் கிளைத்தது என்று அது ஆராய்ந்தது. புராணக் கதையும் நாயகி பாவமும் அதில் மையமாக இல்லை. பின்னர் ‘லீலாவதி’ (1989), ‘ஸ்ரீ’ (1991), ‘யந்திரா’ (1994), ‘சரீரா’ (2001) என்று அந்தத் தேடல் தொடர்ந்தது.

ஒரு கூடுகையை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு: அது கலைந்த பிறகு என்ன ஆக்கம் பிறந்தது? இந்த அளவுகோலில் பம்பாய்ச் சந்திப்பு தேறிவிடுகிறது. அழைப்பு வராதிருந்தால் சந்திரலேகா திரும்பியிருக்கவே மாட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திரும்புதலுக்கு ஒரு நாளும் ஒரு மேடையும் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய சக கலைஞர்களின் கூட்டமும் கிடைத்தன. தனியே சிந்திக்கும் கலைஞருக்கு நல்ல கூடுகை தரக்கூடியது இதுதான்.

‘கிழக்கு’, ‘மேற்கு’ என்ற பிரிவினை

சந்திப்பின் குறை அதன் தலைப்பில் இருக்கிறது. கிழக்கு என்றால் மரபு, மேற்கு என்றால் நவீனம் என்ற எண்ணத்துக்கு அந்தத் தலைப்பு இடம் தந்தது. இரண்டும் தனித்தனியே வளர்ந்து 1984இல்தான் கைகுலுக்கிக்கொண்டதுபோன்ற தோற்றத்தையும் அது ஏற்படுத்தியது. வரலாறு அப்படி இல்லை.

அமெரிக்காவின் ரூத் செயின்ட் டெனிஸ் 1906இலேயே ‘ராதா’ என்ற ஆட்டத்தை நியூயார்க்கில் நிகழ்த்தினார். உதய் சங்கர் 1923இல் லண்டனில் அன்னா பாவ்லோவாவுக்காக இந்தியக் கருப்பொருள்களில் நடனங்கள் அமைத்து, அவருடன் ஆடினார். ருக்மிணி தேவியை நடனத்தின் பக்கம் திருப்பியதும் பாவ்லோவாவுடனான நட்புதான். அவர் முதலில் கற்றது பாலே. இன்று தூய இந்திய மரபின் அடையாளமாகக் கருதப்படும் கலாக்ஷேத்ராவின் தொடக்கக் கதையிலேயே ஒரு ரஷ்யப் பாலே கலைஞர் இருக்கிறார்.

இதைவிடத் தெளிவான சான்று அல்மோராவில் உள்ளது. உதய் சங்கர் 1930களின் இறுதியில் இமயமலை அடிவாரத்தில் தொடங்கிய பண்பாட்டு மையத்தில் பரதநாட்டியம் கற்பிக்கச் சென்றவர் கந்தப்ப பிள்ளை. தஞ்சை நால்வரின் வழியில் வந்த நட்டுவனார், பாலசரஸ்வதியின் ஆசான். நவீன நடனத்துக்கான ஒரு சோதனைக்கூடத்தில் மரபின் மிக உறுதியான பிரதிநிதி ஒருவர் ஆசிரியராக அமர்ந்திருந்தார். கிழக்கும் மேற்கும், மரபும் நவீனமும் அங்கே தனித்தனி நாற்காலிகளில் உட்காரவில்லை.

ஆகவே பம்பாயில் நடந்தது முதல் சந்திப்பல்ல. நீண்டகாலமாக நடந்துவந்த ஒரு கொடுக்கல் வாங்கலின் இன்னொரு கட்டம். தலைப்பு அதை மறைத்ததால் ஒரு கேடும் விளைந்தது. புதிதாக எதையும் செய்த இந்தியக் கலைஞர் ‘மேற்கிடம் கடன் வாங்கியவர்’ என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானார். களரியையும் யோகத்தையும் அடவையும் கொண்டே தம் ஆக்கங்களைக் கட்டிய சந்திரலேகாகூட அந்தச் சொல்லுக்குத் தப்பவில்லை.

நினைவில் நிற்காதவர்கள்

1984 ஜனவரியில் பம்பாயில் மரபின் பொருத்தம் விவாதிக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்து, பிப்ரவரி 9ஆம் நாள், சென்னையில் பாலசரஸ்வதி காலமானார். இரண்டு நிகழ்வுகளுக்கும் நேர்த்தொடர்பு ஏதுமில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: மரபைப் பற்றிய விவாதத்தில் மரபின் குடும்பத்தார் எங்கே?

பாலசரஸ்வதியும் ஒரு கிழக்கு–மேற்குச் சந்திப்பின் வழியாகவே உலகுக்கு அறிமுகமானவர். 1961இல் டோக்கியோவில் அந்தப் பெயரில் நடந்த இசைக் கூடுகையில் அவர் ஆடினார். மறு ஆண்டு அமெரிக்காவிலும் 1963இல் எடின்பரோ விழாவிலும் அவர் நடனம் நிகழ்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடம் சொன்னார். 1973இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற ஒரே நடனக் கலைஞர் அவர்தான். 1975 டிசம்பரில் தமிழிசைச் சங்க மாநாட்டில் அவர் ஆற்றிய உரையில் அலாரிப்பு முதல் தில்லானா வரையான வரிசையை, கோபுர வாயிலில் நுழைந்து கருவறை வரை செல்லும் பயணத்தோடு ஒப்பிட்டார். சிருங்காரம் நடனத்திலிருந்து வடிகட்டப்பட வேண்டிய ஒன்று என்ற கருத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. நடனத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் நிகழ்த்தப்பட்ட உரைகளில் இன்றும் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் அதுவும் ஒன்று. ஆடியவரே சிந்தித்துப் பேசியதன் வலிமை அதில் தெரிகிறது.

பம்பாய்ச் சந்திப்பு இன்று நினைவுகூரப்படும்போது சொல்லப்படும் பெயர்கள் நடன அமைப்பாளர்களின் பெயர்களே. பாடியவர், மத்தளம் வாசித்தவர், தட்டுக்கழி பிடித்தவர் யார் என்பது அந்தக் கதையில் வருவதில்லை. இந்தக் குறை பம்பாய்க்கு மட்டும் உரியதல்ல. இன்று சென்னை மார்கழிப் பருவத்தில் காலைதோறும் நடக்கும் விளக்க நிகழ்ச்சிகளிலும், சபா வட்டாரத்தில் ‘லெக்-டெம்’ எனப்படுபவற்றிலும், இது தொடர்கிறது. பேசுபவர் மேடையின் நடுவே ஒலிவாங்கியோடு நிற்க, நாற்பது ஆண்டுகள் ஜதி சொல்லிய நட்டுவனார் பக்கவாட்டில் அமர்ந்து, கேட்டபோது ஓர் உதாரணம் சொல்லிவிட்டு மௌனமாகிறார். அவருடைய அறிவு ‘செய்துகாட்டல்’, மற்றவருடையது ‘ஆய்வு’. இந்தப் படிநிலை 1933இல் தொடங்கியது. பிற்காலக் கூடுகைகள் அதைக் குலைக்கவில்லை.

சந்திரலேகாவின் கலையிலும் இந்தச் சிக்கலின் ஒரு நிழல் உண்டு. பக்தியின் பெயரால் நடனத்தை அலங்காரப் பொருளாக்கியதை அவர் மறுத்தார். அது துணிச்சலான மறுப்பு. ஆனால் பதத்துக்கும் ஜாவளிக்கும் அபிநயிப்பதிலேயே மரபுவழிப் பெண்களின் நுண்ணறிவு மிகுதியாகச் சேர்ந்திருந்தது. உடலின் வடிவியலை மையமாக்கிய அவரது முறையில் அதற்கு இடம் குறைந்தது. சீர்திருத்தவாதிகள் ஒரு காரணத்துக்காக ஒதுக்கியதை நவீனம் வேறொரு காரணத்துக்காக ஒதுக்கியது. அவரது ஆக்கங்களின் மதிப்பை இது குறைக்காது. எனினும் அவற்றின் விலை என்ன என்பதைப் படிப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

மதிப்பீடு

கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு ஒரு கலைஞருக்கு மேடை தந்தது. இந்திய நடனத்தில் ‘எதற்காக ஆடுகிறோம்?’ என்ற கேள்வியை வெளிப்படையாகக் கேட்க வழிவகுத்தது. உடலின் மொழியில் சிந்திப்பவர்கள் ஒருவர் ஆடுவதை மற்றவர் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளும் கூடுகை, கட்டுரை வாசிப்பு மட்டும் நடக்கும் கருத்தரங்கைவிடப் பயன் மிக்கது என்பதையும் அது காட்டியது. இவை சிறிய சாதனைகளல்ல.

ஆனால் அது கேட்ட கேள்வி பாதிதான். மரபு இன்றைக்குப் பொருந்துமா என்று கேட்டது. அந்த மரபு யாருடையது, அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று அதே அழுத்தத்துடன் கேட்கவில்லை. அந்த மறுபாதிக் கேள்வியை அண்மைக் காலத்தில் மரபுவழிக் குடும்பங்களைச் சேர்ந்த கலைஞர்களே எழுப்பி வருகின்றனர். நடனக் கூடுகைகளைப் படிக்கும் மாணவர்கள் அழைப்பிதழில் உள்ள பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், மேடையில் யார் பேசினார்கள், யார் வாசித்துவிட்டு மட்டும் எழுந்தார்கள், பதிவேட்டில் யார் பெயர் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். பம்பாய்ச் சந்திப்பு அவர்களுக்குத் தரும் பாடம் இதுவே.