ஃபில் உட் ஹப்: விரல் சொல்லும் பொய்

சிறு பட்டறையில் கடைந்து செய்த சைக்கிள் ஹப் ஒன்றை யாரிடம் கொடுத்தாலும், முதல் வேலையாக அதன் அச்சை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துச் சுற்றிப் பார்ப்பார்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்ல ஹப், இல்லாவிட்டால் காசுக்குப் பிடித்த கேடு என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இந்தச் சோதனையில் ஃபில் உட் ஹப் தேறுவதே இல்லை. பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த ஹப்பின் அச்சு விரலுக்கு இறுக்கமாகத் தெரியும். திருப்பினால் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். பக்கத்தில் நன்றாகப் பராமரித்த பழைய காம்பக்னோலோ ரெக்கார்டு ஹப்பை வைத்துச் சுற்றினால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பின் ஹப் ஒன்றுக்கே பல நூறு டாலர் கொடுத்தவருக்கு வயிறு எரிவது இயல்புதான். ஆனாலும் அந்த ஹப்பில் பாராட்ட வேண்டிய முதல் குணமே அந்த இறுக்கம்தான் என்பது என் கட்சி. பழைய ஸ்டீல் ஃப்ரேமுக்கு ஹப் தேடுபவர்கள் விரல் சோதனையைக் கைவிடும்வரை தவறான ஹப்பைத்தான் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஃபில் உட், கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 1971-இல் தொடங்கிய நிறுவனம். அடைத்து மூடிய கார்ட்ரிட்ஜ் பேரிங்கைச் சைக்கிள் ஹப்பில் வைத்துப் பெயர் வாங்கியது. சக்கரம் கோப்பவர்கள், கம்பியை அளவுக்கு வெட்டி மரை போடும் அதன் இயந்திரத்தையும் பச்சை நிற கிரீஸையும் வைத்தே அதை அறிவார்கள். அலுமினிய ரகம், எடை, நிறப் பட்டியல் எல்லாம் வேண்டியவர்கள் தேடிப் படித்துக்கொள்ளலாம். எடையைப் பற்றி ஒன்று மட்டும்: இலேசான ஹப் வேண்டுமென்று இந்தப் பக்கம் வருபவர்கள் கடை மாறி வந்தவர்கள்.

இறுக்கத்துக்கு வருவோம். பேரிங்கை மூடியிருக்கும் சீலின் ரப்பர் உதடு உரசுவதாலும் கிரீஸ் கெட்டியாக இருப்பதாலும் ஒரு ஹப் 0.02 நியூட்டன்-மீட்டர் அளவுக்குச் சுழற்சியைத் தடுக்கிறது என்று, கொஞ்சம் தாராளமாகவே, வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. விட்டமுள்ள அச்சு முனையைப் பிடித்திருக்கும் விரல், மையத்திலிருந்து வெறும் 5 மி.மீ. தூரத்தில் அந்தத் தடையோடு மல்லுக்கட்டுகிறது. அங்கே அது 4 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 400 கிராம் எடைக்குச் சமம். விரலுக்கு அது நன்றாகவே உறைக்கும். அதே தடை சாலையில் எங்கே வந்து சேர்கிறது? டயரின் விளிம்பில், மையத்திலிருந்து சுமார் 335 மி.மீ. தள்ளி. அங்கே அதன் மதிப்பு 6 கிராம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இந்த 6 கிராமை வெல்ல அரை வாட் போதும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு வாட். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, டயரின் உருளல் தடை 0.005 என்று கொண்டால், அதே வேகத்தில் டயர்கள் மட்டும் ஏறத்தாழ 35 வாட் தின்கின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவரிடம் காற்று பிடுங்கிக்கொள்வது நூறு வாட்டுக்கும் மேல். விரல் பூதாகரமாகக் காட்டும் இறுக்கம் மிதிப்பவரின் காலுக்குத் தெரிய வழியே இல்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடி, சீலின் உதடு தேய்ந்து படிந்ததும் அந்த ஒரு வாட்டும் குறையும்.

ஒரு வாட் என்றாலும் இழப்பு இழப்புதானே என்று கேட்கலாம். கடிகாரத்தோடு போட்டி போடும் பந்தயக்காரர் கேட்டால் நியாயம். அவர் இந்த ஹப்பை வாங்கப் போவதும் இல்லை. எழுபதுகளின் ஃப்ரேமில் தோல் இருக்கையும் மட்கார்டும் பூட்டி, ஹேண்டில்பாரில் கித்தான் பை தொங்கவிட்டு ஓட்டுபவர் அந்தக் கேள்வியைக் கேட்டால், முதலில் பையைக் கழற்றச் சொல்ல வேண்டும். ஸ்டாண்டில் தூக்கி வைத்த சக்கரம் எத்தனை நிமிடம் சுற்றுகிறது என்று காட்டும் காணொளிகளும் இதே ரகம்தான். எடையில்லாமல் அந்தரத்தில் சுற்றும் சக்கரத்தில் கனமான ரிம்மைப் போட்டால் இன்னும் நேரம் சுற்றும். அதைக் காட்டி பீங்கான் குண்டு பேரிங் விற்பவர்களை என்னவென்று சொல்வது!

விரல் சோதனை எதிர்த் திசையிலும் ஏமாற்றும் என்பதை ரசிகர்கள் கவனிப்பதில்லை. ரெக்கார்டு போன்ற பழைய ஹப்பில் கப்புக்கும் கூம்பு வடிவக் கோனுக்கும் நடுவே குண்டுகள் உருளும். க்விக் ரிலீஸ் நெம்புகோலை மூடும்போது உள்ளீடற்ற அச்சு நீளவாக்கில் நசுங்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு குறுகுகிறது. அதனால் இரண்டு பக்கக் கோன்களும் குண்டுகளை நெருக்குகின்றன. எனவே கோன் வைத்த ஹப்பைச் சரி செய்பவர், கையில் இருக்கும்போது துளி ஆட்டம் விட்டுத்தான் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். நெம்புகோலை மூடியதும் அந்த ஆட்டம் மறைந்தால் கணக்குச் சரி. கையில் வைத்துச் சுற்றும்போது ஆட்டமே இல்லாமல் பட்டுப் போலச் சுற்றிய ஹப், ஃப்ரேமில் பூட்டியதும் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் கப்பும் கோனும் குழி விழும். ஃபில் உட் ஹப்பில் பேரிங் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கடைசலில் வெட்டிய விளிம்பே தீர்மானித்துவிடுகிறது. ஆட்டம் விட்டுச் சரிபார்க்கும் அந்த நுட்பமான வேலையே இல்லை. மெக்கானிக்கின் கைப்பக்குவத்தை நம்பியிருந்த ஒரு காரியத்தைச் செய்தவரே பட்டறையில் முடித்து அனுப்பியிருக்கிறார். நான் காசு கொடுப்பேன் என்றால் அதற்குத்தான்.

கோன் ஹப்பின் ஆதரவாளர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கலாம், கழுவலாம், குண்டு மாற்றலாம், கிரீஸ் வைத்து மூடலாம். ஐம்பது வருடம் ஓடிய ரெக்கார்டுகள் அதற்குச் சாட்சி என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஐம்பது வருடமும் யாரோ ஒருவர் தவறாமல் ஓவராயில் செய்திருக்கிறார் என்பதுதான் அந்தச் சாட்சியின் முழு வாக்குமூலம். ஹப்பின் நடுவில் எண்ணெய்த் துளையும் அதை மூட வில் வளையமும் வைத்தவர்களே, அடிக்கடி உள்ளே எதையாவது ஊற்ற வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வைத்தார்கள். இத்தாலியின் காயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும் லேரோய்க்கா என்னும் பழைய சைக்கிள் ஓட்டத்தில், 1987-க்கும் முந்தைய பந்தய சைக்கிள்கள் வெள்ளை மண் சாலைகளில் ஓடுகின்றன. காய்ந்தால் மாவுப் புழுதி, மழை பெய்தால் அதே புழுதி குழம்பு. தூசுமூடி மட்டும் போட்ட கோன் ஹப்புக்குள் அது நுழையாமல் இருக்காது. அப்படி ஓட்டி வந்தபின் ஹப்பைப் பிரிக்கும் பொறுமை உள்ளவர்கள் கோன் ஹப்போடு சுகமாக இருக்கலாம். கழுவித் துடைத்து நிறுத்துவதோடு சரி என்பவர்களுக்கு விரலுக்கு இறுகும் அந்த ரப்பர் உதடுதான் காவல். பழைய ஹப்பில் கோன் போனால் அதே அளவுக் கோன் தேடி அலைய வேண்டும். கப் குழி விழுந்தால் பல ஹப்புகளில் கதை முடிந்தது. கார்ட்ரிட்ஜில் கெட்டுப்போனதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை அழுத்தி வைத்தால் போதும், ஹப்பின் உடலுக்குச் சேதம் இல்லை. பக்கவாட்டுச் சுமையைக் கார்ட்ரிட்ஜ் பேரிங் தாங்காது என்ற பழைய புகாரும் சைக்கிளுக்குப் பொருந்தாது. சைக்கிள் வளைவில் சாய்ந்து போகும் வண்டி. சுமை பெரும்பாலும் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், பேரிங் ஒன்றுக்காக மட்டும் இவ்வளவு விலை கொடுக்கச் சொல்ல மாட்டேன். இன்று மலிவான தைவான் ஹப்பிலும் மூடிய பேரிங் வந்துவிட்டது. பழைய ஃப்ரேம் வைத்திருப்பவரை இந்த மாதிரிச் சிறு பட்டறையிடம் துரத்துவது அளவுகள். ஐந்து பல்சக்கரக் காலத்து ஃப்ரேமின் பின் இடைவெளி 120 மி.மீ., ஆறு ஏழு பல்சக்கரக் காலத்தில் 126, அதற்குப் பிந்தைய சாலைச் சைக்கிளில் 130. பல பல்சக்கரம் பூட்டும் சாலை ஹப்புகளில் பெரிய ஆலைகள் 120-ஐயும் 126-ஐயும் கைகழுவிப் பல காலம் ஆகிறது. கம்பித் துளைகளும் அப்படியே. ஐரோப்பியப் பழக்கம் இரண்டு சக்கரத்துக்கும் 36. பிரிட்டிஷ் பழக்கம் முன்னால் 32, பின்னால் 40. நம்மூர் ரோட்ஸ்டர் சைக்கிள்களில் இந்த 32-40 கணக்கு இன்றும் தொடர்கிறது. ஸ்டீல் ஃப்ரேம்தானே, 126-ஐ நெம்பி 130 ஆக்கிக்கொள்ளலாமே என்பார்கள். ஆக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும், பிறகு அச்சு உட்காரும் முனைகளை மறுபடி இணையாக்க வேண்டும், அதைத் தெரிந்தவர் செய்ய வேண்டும். ஃப்ரேமுக்கு ஏற்ற ஹப் கிடைக்கும்போது ஹப்புக்காக ஃப்ரேமை வளைப்பது எனக்கு ஒப்பவில்லை.

மரையில் திருகும் பழைய ஃப்ரீவீலுக்கு ஃபில் உட் ஹப் செய்யும் உபகாரம் தனி. ஃப்ரீவீல் பூட்டும் ஹப்பில் வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்பக்கம் இருப்பதால், அங்கிருந்து ஃப்ரேம்வரை அச்சு ஆதாரமில்லாமல் நீண்டு கிடக்கும். பல்சக்கரம் ஐந்திலிருந்து ஆறு ஏழாகப் பெருகப் பெருக அந்த நீளமும் பெருகியது. சாமான் ஏற்றி ஓட்டியவர்களின் அச்சுகள் வளைந்தன, ஒடிந்தன. ஷிமானோ தன் ஃப்ரீஹப்பில் பேரிங்கை வெளிமுனைக்கே தள்ளி இதற்குத் தீர்வு கண்டது. ஃபில் உட்டின் தீர்வு முரட்டுத்தனமானது: உள்ளே அச்சைத் தடிமனாக்கி, முனையில் மட்டும் வழக்கமான 10 மி.மீ.-க்குக் குறைத்துவிட்டார்கள். தடி அச்சு என்றால் பேரிங்கின் உள்விட்டம் பெரிது, உரசும் சீலும் பெரிது. விரல் உணரும் இறுக்கத்தில் ஒரு பங்கு இப்படியும் வந்தது. அச்சு வளையாமல் இருக்க அது சின்ன விலை.

எரிச்சல்களும் உண்டு. உயர ஃபிளேஞ்சு ரகத்தை வட்ட வட்டமாகத் துளையிட்டுக் காட்சிப் பொருளாக விற்கிறார்கள், வாங்குபவர்களும் மயங்குகிறார்கள். கம்பியை மூன்று குறுக்காகக் கோத்தால், சக்கரம் பக்கவாட்டில் உறுதியாக நிற்பதை ஃபிளேஞ்சுகளுக்கு இடையிலுள்ள தூரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உயரம் கண்ணுக்கு, கொஞ்சம் கர்வத்துக்கு. பளிச்சென்ற ஊதா, ஆரஞ்சு நிறங்களை 1974-இன் நீல ஃப்ரேமில் பூட்டுபவர்களிடம் வாதாடிப் பயனில்லை. இரண்டாம் கைச் சந்தையில் வாங்குபவர்கள் தலைமுறையைக் கவனிக்க வேண்டும். பிந்தைய ஹப்புகளை இரண்டு ஆலன் சாவிகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பிரித்துவிடலாம். ஆரம்ப காலத்தவை அப்படிப் பிரிவதில்லை, செய்தவரிடமே போக வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க உழைக்கும் என்ற புகழ்ச்சியை நம்பிப் பழைய ஹப்பை முழு விலைக்கு வாங்கிவிட்டு, பேரிங்கில் கரகரப்பு வந்ததும் விழிப்பவர்கள் ஏராளம். எந்தப் பேரிங்கும் தேயும்.

அதனால் ஃபில் உட்டானாலும் வேறு எந்தச் சிறு பட்டறையானாலும், பணம் அனுப்புமுன் பேரிங்கின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 6902 என்று பதில் வந்தால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ.; 6001 என்றால் 12, 28, 8. இவை உலகம் முழுக்க பேரிங் கடைகளில் கிடைப்பவை. பட்டறை மூடினாலும் ஹப் ஓடும். எங்களுக்கென்றே செய்த தனி அளவு என்று பதில் வந்தால், எவ்வளவு அழகாகக் கடைந்திருந்தாலும் நான் வாங்க மாட்டேன். ஐம்பதுகளின் பிரெஞ்சுப் பயணச் சைக்கிளை அந்தக் காலத்துப் பொருள்களோடு மட்டும் மீட்டெடுப்பவருக்கு ஃபில் உட் பொருந்தாது. கம்பியை ஃப்ரீவீல் கழற்றாமலே மாற்ற வகை செய்த மாக்ஸி-கார் ஹப்பைத் தேடி அவர் காத்திருக்கலாம். எழுபதுகளின் 126 மி.மீ. ஃப்ரேமை மழையிலும் மண்ணிலும் ஓட்ட நினைப்பவருக்குத் தாழ்ந்த ஃபிளேஞ்சு, 36 துளை, ஃப்ரீவீல் மரை, நிறமேற்றாத வெள்ளி. வந்து சேர்ந்ததும் அச்சைச் சுற்றிப் பார்க்காமல் நேராகச் சக்கரம் கோப்பவரிடம் கொடுத்துவிடவும்.