இடருதவியும் மிதிலையின் ஓவியமும்

இயற்கையின் சீற்றத்தால் அனைத்தும் இழந்தார்க்கு உணவும் உறையுளும் அளித்தல் அறம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், அவருள் பள்ளியிற் பயிலாது தாமே ஓவியங் கற்றவரும் இருப்பின், அவர்க்கு அளிக்கத்தக்க உதவி யாது? நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில், அத்தித்லான் ஏரிக்கரையிற் வாழும் மாயர் இனத்து ஓவியர் இத்தகையோர். 2005 ஒக்டோபரில் வீசிய புயல்மழையால் அக்கரையிலுள்ள பானாபாக் என்னும் சிற்றூர் மண்சரிவிற் புதையுண்டபோது இவ்வினா அங்கே எழுந்தது. நமக்கு அணித்தாய், நீண்டகாலச் சான்றோடு விடைதர வல்லது பீகாரின் வடபாலுள்ள மிதிலை நாடாகும். கம்பன் வாயிலாக நாம் நன்கறிந்த மிதிலையே அது.

அந்நாட்டு மகளிர் மணவறைச் சுவரிற் கோகபர் என்னும் ஓவியம் எழுதுவர். தாமரைத் தொகுதியை ஊடுருவும் மூங்கிற்றண்டு, மீன், ஆமை, கிளி, ஞாயிறு, திங்கள் என்பன அதன் உறுப்புகள். அரிசிமாவுக் குழம்பால் நிலத்தில் வரையும் அரிபனம் நம் கோலத்திற்கு உடன்பிறப்பு எனலாம். 1934 சனவரி 15இல் நேர்ந்த நிலநடுக்கம் வீடுகளை இடித்தபொழுது, உட்சுவர்கள் வெளிப்பட்டன. ஆட்சியாளராய் அங்கிருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் அவற்றைக் கண்டு வியந்து, 1949இல் மார்க் என்னும் கலையிதழிற் கட்டுரை எழுதினார். உலகம் ஓவியத்தை அறிந்தது. எழுதிய மகளிரை அறிந்திலது.

1966-67இல் கொடிய வறட்சி வந்தது. புபுல் ஜயகரின் முயற்சியால் அகில இந்தியக் கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்ணி என்னும் ஓவியரை மதுபனிக்கு அனுப்பியது. அவர் தாளைக் கொடுத்து, சுவரில் எழுதுவதைத் தாளில் எழுதுமாறு வேண்டினார். எழுதியதற்குப் பணமும் கிடைத்தது. இரந்து பெறும் சோறன்று, கைத்தொழிலின் ஊதியம் என்பதே இவ்வுதவியின் சிறப்பு.

ஓவியம் சுவரை நீங்கியதும் உயிரை நீங்கியது என்பர் சிலர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. மணநாளிற்கென எழுந்த மங்கல வடிவம் விற்பனைக்கெனப் பன்முறை எழுதப்படுமிடத்துப் பொருள் தேய்தல் இயல்பே. ஆயினும் கங்காதேவியின் படைப்புகள் இக்கூற்றை முழுதும் ஏற்கவொட்டா. நுண்கோட்டாலேயே உருவை நிறைக்கும் கச்சினி முறையில் வல்லவர் அவர். தாள் அவருக்குக் கதைகூறும் களமாயிற்று. மானிட வாழ்வின் பருவங்களை வரைந்தார். அமெரிக்கா சென்று அங்குக் கண்ட கேளிக்கை ஊர்தியையும் வரைந்தார். இறுதியிற் புற்றுநோயுற்றுத் தில்லி மருத்துவமனையிற் பட்ட துன்பத்தையும் அதே கோட்டால் எழுதினார். மரபு அவருக்கு விலங்காகவில்லை. துயரைச் சொல்லும் மொழியாயிற்று. 1991இல் அவர் மறைந்தார். தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் நோயோடு போராடிக்கொண்டே அவர் எழுதிய கோகபர், 2015இற் புதுப்பித்தற் பணியின்போது அழிக்கப்பட்டது. கலைஞரைப் போற்றிக் கலைப்பொருளைக் காவாமை எத்துணைப் பேதைமை!

உதவியின் குறைகளையும் ஈண்டுக் கூறல் வேண்டும். தொடக்கத்தில் புகழ் பெற்றோர் பெரும்பாலும் பார்ப்பனர், காயத்தர் குலங்களைச் சார்ந்த மகளிரே. துசாத் குலத்துச் சானோதேவி முதலியோர், உடலிற் பச்சை குத்தும் கோலங்களை அடியொற்றித் தமக்கெனத் தனிமுறை வகுத்துக்கொண்ட பின்னரே அவர்தம் கலை வெளியுலகை எய்தியது. இடைத்தரகர் மலிந்த சந்தையில் கைவருந்தியவர்க்குக் கிட்டியது சிறுபங்கே. ரேமண்ட் ஓவன்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் நல்விலை கொடுத்து வாங்கித் தம் நாட்டில் விற்று, ஊதியத்தை ஓவியர்க்கே மீட்டளித்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. மீனவக் குலத்திற் பிறந்து, வீட்டுப்பணி செய்த துலாரிதேவி, பணிசெய்த இல்லத்திலேயே ஓவியங் கற்றார். அவர் வாழ்க்கை 2010இற் சென்னைத் தாரா பதிப்பகத்தின் நூலாயிற்று. 2021இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. முதலுதவி எய்தாத குலத்தார்க்கும் கலை உரியது என்பதற்கு இவரே சான்று.

இனி நம் மண்ணை நோக்குவாம். ஈச்சிலம்பற்றின் கரையோர ஊர்களை 2004 திசெம்பர் 26இற் கடல்கோள் தாக்கியது. 2006இற் போர் அம்மக்களைப் பெயர்த்தெறிந்தது. படகும் வலையும் வீடும் முதற்கண் வேண்டியனவே. அவற்றின்பின், அத்துயரைக் கண்டவர் தம் கையாலே எழுதிவைக்க வழியுண்டா என்று வினவுதல் மிகையன்று. வங்கத்துப் பட்டுவராகிய மோய்னா, ஜொய்தேவ் சித்திரகார் இருவரும் அக்கடல்கோளைச் சுருளோவியமாக்கிப் பாடினர். அதுவும் 2009இற் சென்னையில் நூலாய் வெளிவந்தது. அலையைக் காணாதார் அதனைப் பாடியிருக்க, கண்டார் வாளாவிருத்தல் தகுமோ? முருகன் சித்திர வேலாயுதர் என்னும் திருப்பெயரோடு எழுந்தருளிய வெருகற்பதியை உடையது இந்நிலம். இங்கே முற்றத்திற் கோலமிடும் கையும், கூத்துக்கு ஒப்பனை செய்யும் கையும் இல்லாமற் போகவில்லை.

மிதிலை நமக்கு உணர்த்துவன நான்கு. கொடுப்பது கூலியாயிருத்தல் வேண்டும், பிச்சையாதல் கூடாது. எதனை எழுதுவது என்பதை எழுதுவோரே துணிதல் வேண்டும். எழுதியவர் பெயர் படைப்போடு நிற்றல் வேண்டும். படைப்பும் காக்கப்படல் வேண்டும். இந்நான்கும் அமையாத உதவி வயிற்றை ஒருநாள் நிரப்பும். அமைந்த உதவியோ இழந்தவரை மீண்டும் ஆக்குவோராய் நிறுத்தும்.