பந்தயத்துக்கு ஆகாத குதிரை

பிரெஞ்சுக்காரரான ழான் பேன்லவே 1934-இல் தந்த ‘கடற்குதிரை’ என்ற, ஏறத்தாழ 15 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தால், வாசகர்களே, தவறாமல் பாருங்கள். ஆர்க்கஷோன் கரையோரக் கடலில் எடுத்த சில காட்சிகள் நீங்கலாக, பெரும்பகுதி கண்ணாடித் தொட்டியில் எடுக்கப்பட்டது. பெண் இட்ட முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் சுமக்கிறது. பிறகு உடலை வளைத்து முறுக்கி, திணறித் திணறிக் குஞ்சுகளை வெளியே தள்ளுகிறது. இந்தக் காட்சிக்காகக் காத்திருந்த பேன்லவே, கண் அயர்ந்தால் மின்சாரம் தாக்கி எழுப்பும்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டாராம்! அந்தப் பொறுமைக்கு எவ்வளவு பாராட்டும் தகும்.

படத்தின் முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஓடும் பந்தயக் குதிரைகளின் மேல் கடற்குதிரைகளை மிதக்கவிட்டுச் சிரிக்க வைக்கிறார். பெயரைத் தவிரக் குதிரைக்கும் இதற்கும் என்ன உறவு? மீன்களிலேயே மிக மெதுவாக நீந்துபவற்றுள் இது ஒன்று. வீட்டுத் தொட்டியில் இதன் உயிருக்கு உலை வைப்பதும் அந்த மந்தகதிதான். வேகமான மீன்களோடு விட்டால் இரை முழுவதையும் அவை தின்றுவிடும். இதற்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. குழல் வாயால் உறிஞ்சியது விரைவில் குடலைக் கடந்துவிடுவதால், ஒரு நாளில் பலமுறை இரை வேண்டும். பிறந்த குஞ்சுக்கோ உயிருள்ள நுண்ணிரைதான் வேண்டும், தந்தை ஊட்டாது. உப்புநீரில் ஆர்ட்டீமியா முட்டைகளை நாள்தோறும் பொரிக்க வைத்துக் கொடுக்க உங்களால் முடியுமா? பந்தயத்துக்குச் செலவிட்ட படச்சுருளை இந்தப் பசிக்குச் செலவிட்டிருக்கலாம்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்குதிரைகள் உண்டு. படம் பார்த்த ஆசையில் மீனவரிடம் கேட்டுவிடாதீர்கள். 2001 முதல் இந்தியாவில் அவற்றைப் பிடிப்பது குற்றம்.