அழுமூஞ்சி பட்டன்

நான் வசிக்கும் ஊர் அஸ்தினாபுரம். குரோம்பேட்டையில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னால் கூட வந்த வெளியூர் உறவினர் சிரிப்பார். 'துரியோதனன் வீடு எந்தத் தெரு?' என்று கேட்டவர்களும் உண்டு. கௌரவர்கள் யாரும் இல்லை ஸார். ஆனால் சபை இருக்கிறது, எல்லோர் சட்டைப்பையிலும். தினம் யாராவது ஒருவர் மானம் அதில் போகிறது. நாமெல்லாம் பீஷ்மர் மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

போன மாதம் குரோம்பேட்டை ஸ்டேஷன் அருகில் பழைய ஆபீஸ் நண்பரைப் பார்த்தேன். ''வீட்ல சௌக்கியமா?'' என்றேன், பழக்க தோஷத்தில். அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார்.

''நீங்ககூட அழுமூஞ்சி போட்டிருந்தீங்களே ஸார்...''

அவர் மனைவி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஃபேஸ்புக்கில் படத்துடன் எழுதியிருந்தார். முந்நூற்றுச் சொச்சம் பேர் வருத்தம் தெரிவித்ததில் நானும் ஒருவன். விரல் அழுத்திவிட்டது. செய்தி தலைக்குப் போகவே இல்லை. ''போன் பண்ணினவங்க நாலு பேர்'' என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அதுதான் சுட்டது.

தப்பு என்னுடையது, சந்தேகமில்லை. ஆனாலும் அந்த பட்டனைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். ஃபேஸ்புக்கில் 'லைக்' வந்தது 2009-ல். சாவுச் செய்திக்கு எப்படிக் கட்டைவிரலை உயர்த்துவது என்று ஜனங்கள் தவித்ததில், 2016-ல் அழுகை, கோபம், சிரிப்பு எல்லாம் பொம்மைகளாக வந்து சேர்ந்தன. நல்ல நோக்கம்தான். விளைவு என்ன? துக்கம் விசாரிக்கப் போகும்போது என்ன பேசுவது என்று வாசலில் செருப்பைக் கழற்றியபடியே தடுமாறுவோமே, அந்தத் தடுமாற்றம் மிச்சமாகிவிட்டது. அந்தத் தடுமாற்றம்தான் விசாரிப்பு என்பது இப்போதுதான் புரிகிறது.

சபை கலைந்துகொண்டிருப்பது அதைக் கட்டியவர்களுக்கே தெரியும். 2019 மார்ச்சில் மார்க் ஸக்கர்பெர்க், இனி ஊர்ச் சதுக்கத்தைவிட வீட்டுக் கூடம் போன்ற அந்தரங்க உரையாடல்தான் முக்கியம் என்கிற பொருளில் நீளமாக எழுதினார். 2025 நவம்பரில் வாஷிங்டன் கோர்ட் மெட்டா வழக்கில் அளித்த தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. அமெரிக்கர்கள் ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரத்தில் நண்பர்கள் போட்டதைப் பார்ப்பது 17 சதவிகிதம்தான். இன்ஸ்டாகிராமில் 7. மிச்சத்தில் பெரும்பகுதி வீடியோ, அதுவும் வரவர முன்பின் தெரியாதவர்களுடையது. நண்பர்களுக்காகக் கட்டிய வீட்டில் நண்பர்களுக்கு மாடிப்படிக்கு அடியில்தான் இடம்!

சரி, எல்லோரும் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டோமே, அது அந்தரங்கம் இல்லையா என்பீர்கள். பாதிதான். 2022-லிருந்து ஒரு குழுவில் 1024 பேர் இருக்கலாம். அது கூடமா, கல்யாண மண்டபமா? காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் மூட்டுவலி வைத்தியம், ராத்திரி வதந்தி. வதந்தியால் உயிர்கள் போன பிறகு, 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரேசமயத்தில் தள்ளிவிட முடியாதபடி செய்தார்கள். கையால் எழுதாத வாழ்த்து, எந்த ஆப்பில் வந்தாலும் நோட்டீஸ்தான்.

சபையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2015 டிசம்பர் 1 தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியபோது, 'மொட்டை மாடியில் இருக்கிறோம்' என்ற கூக்குரல்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும்தான் பறந்தன. படகும் சாப்பாட்டுப் பொட்டலமும் அனுப்பியவர்களில் பலர் அந்நியர்கள். ஆபத்துக்கு ஊரைக் கூப்பிட சபை வேண்டும். ஆறுதலுக்கு அது லாயக்கில்லை.

எங்கள் ஊர்ப் பெயருக்கே திரும்புகிறேன். சஞ்சயனை முதல் நேரடி ஒளிபரப்பாளர் என்று மேடைகளில் தமாஷாகச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அவன் சொன்னது ஒரே ஒருவருக்கு. திருதராஷ்டிரன் நடுவில் கேள்வி கேட்கிறான், புலம்புகிறான். சஞ்சயன் பதில் சொல்கிறான், சமயத்தில் முகத்துக்கு நேரே குற்றமும் சொல்கிறான். இது ஒளிபரப்பு இல்லை, பேச்சு. பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து சொல்வது.

அதனால் ஒரு சின்னப் பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறேன், நீங்களும் செய்து பார்க்கலாம். அனுப்பப் போகும் செய்தியின் தலைப்பில் ஒரு பெயரை எழுதுங்கள். அந்தப் பெயரை அடித்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறதா? அப்படியானால் அது கடிதம் இல்லை. அனுப்பாவிட்டால் நஷ்டமில்லை.

நண்பருக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். எடுக்கவில்லை. அவர் பெயரை மேலே எழுதி, அவர் மனைவி ஒருமுறை எங்களுக்கெல்லாம் ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பிய ஆவக்காயைப் பற்றி நாலு வரி அனுப்பினேன். எழுத அரைமணி ஆயிற்று. இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

மூன்றாம் நாள் வந்தது. 'ஜாடியில இன்னும் கொஞ்சம் இருக்கு. வாங்க.'

இந்த வாரம் போகிறேன்.