எளிமையும் மனந்திரும்புதலும்: ‘ரப்பர்’ புதினத்தில் படைப்பு குறித்த கிறித்தவ நோக்கு

முன்னுரை

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது தென்திருவிதாங்கூரின் விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே விழுந்த எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்ததேயன்றி, இருபுறமும் விரவிய பேச்சுவழக்கையோ ரப்பர்த் தோட்டங்களையோ கிறித்தவ வழிபாட்டு மரபையோ பிரிக்கவில்லை. இவ்வெல்லைசார் நிலத்தின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது ஜெயமோகனின் ‘ரப்பர்’ (1990) புதினம். எளிய வாழ்வும் படைப்பைப் பேணுதலும் ஆன்மிக ஒழுக்கமாக இதில் எவ்வாறு பொருள்பெறுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மரமும் செல்வமும்

அமேசான் காட்டு மரமான ரப்பரின் விதைகள் 1876-இல் இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து ஆசியாவிற்குப் பரவின. நட்ட ஏறத்தாழ ஏழாண்டுகளில் பால்வெட்டுத் தொடங்கும். பின்னர்ப் பல்லாண்டு வருவாய் கிட்டும். ஆயின், ஓரின மரமே நிறைந்த தோட்டம் காடு தாங்கிய பல்லுயிர்களைத் தாங்குவதில்லை. புதினத்தில் பொன்னுப் பெருவட்டர் காடு திருத்தி ரப்பரால் உயர்ந்தவர். அவர் பேரன் பிரான்சிஸ் அச்செல்வத்தின் வெறுமையை உணர்ந்து மனந்திரும்புகிறான். அவன் பெயர், வணிகரான தந்தையின் செல்வத்தைத் துறந்து, கதிரவனையும் பறவைகளையும் உடன்பிறப்பாகக் கண்ட அசிசி நகரப் புனிதரை நினைவூட்டுகிறது. ஆசிரியர் கருதியதாயினும் அன்றாயினும், இவ்வொப்புமை பாத்திரத்தை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது.

எளிமையும் வறுமையும்

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. பெருவட்டர் காட்டை அழித்தது பேராசையால் மட்டுமா? அவர் சமூகத்துப் பனையேறிகள் திருவிதாங்கூரில் தலைவரியும் ஊழியமும் சுமந்தவர்கள். அச்சமூகப் பெண்கள் மேலாடை அணிய 1859-இல் அரசறிக்கை வரும்வரை போராட நேர்ந்தது. அன்று அவர்கள் வாழ்ந்தது எளிய வாழ்வே. ஆனால் அவர்கள் தேர்ந்த வாழ்வன்று. அவ்வறுமையிலிருந்து மீள ரப்பர் வழியாயிற்று. எனவே பெருவட்டரை இயற்கையின் பகைவராக மட்டும் காண்பது வரலாற்றை மறப்பதாகும். பிரான்சிஸின் துறவு மனநிலை உயர்ந்ததே. எனினும் துறப்பதற்கு அவனிடம் ஏதோ இருந்தது. விடியுமுன் பால்வெட்டும் கூலித்தொழிலாளிக்கு அவ்வாய்ப்பு இல்லை. இவ்வேறுபாட்டைப் பிரான்சிஸின் மனமாற்றம் தன்னளவில் தீர்த்துவிடுவதில்லை. தனிமனித மீட்பு நிலத்தின் மீட்பாகவும் உழைப்பாளியின் மீட்பாகவும் தானே விரியாது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

புதினம் வெளிவந்து கால்நூற்றாண்டு கழிந்தபின், 2015-இல், திருத்தந்தை பிரான்சிசு ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் நிலத்தின் துயரையும் ஏழையரின் துயரையும் ஒன்றாகக் காண வலியுறுத்தினார். திருத்தந்தை ஏற்றதும் அசிசிப் புனிதரின் பெயரே. எல்லைப்புற ஊர்களில் எளிமையைப் போதிப்போர் இவ்விணைப்பை மறத்தலாகாது. வறுமையைப் புகழும் எளிமை ஆன்மிகமன்று. வளம் பெற்றோர் தம் தேவையைக் குறைத்து, அதனால் மண்ணுக்கும் கூலியாளுக்கும் இடம் விடுவதே ஆன்மிகம். ‘ரப்பர்’ இவ்விடையை முழுமையாகத் தரவில்லையெனினும், அதனைத் தேடும் வினாவைத் தமிழ்ப் புதின உலகில் அழுத்தமாக எழுப்பியுள்ளது எனலாம்.