ஆறு மீட்டர் கம்பி, ஒரு முழம் சிவப்புத் துணி

குட்டி யானை எனப்படும் டாட்டா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டியின் பின்டோரை இறக்கிவிட்டு, பாடியை மீறி நீளும் கம்பிக் கட்டைக் கயிற்றால் இறுக்கி, நுனியில் ஒரு சிவப்புத் துணியை முடிந்து அனுப்புவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். சி.டி.எச். ரோட்டில் பாடி தொடங்கிப் பட்டாபிராம் வரையிலும், ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி போகும் சாலையிலும் இதைக் காணாத நாள் இராது. முறுக்குக் கம்பி, சதுரக் குழாய், பி.வி.சி. பைப், சவுக்குக் கட்டை, ஏணி என்று சரக்கு மாறும், துணி மாறாது. இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதமும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே: பழைய மீன்பாடி வண்டியைவிட இது எவ்வளவோ மேல், வேகம் குறைவு, தூரம் குறைவு, துணியும் கட்டியாகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?

வாதத்தின் முதற்பாதி சரியே. மிதிவண்டிச் சட்டத்தில் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்திய மீன்பாடிக்குப் பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை, நம்பத் தகுந்த பிரேக்கும் இல்லை. 2005-இல் டாட்டா ஏஸ் வந்ததும், சில ஆண்டுகள் கழித்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்ததும் சிறு வியாபாரத்துக்குக் கிடைத்த பெரும் வசதி. 20 அடி பாடி லாரி அயப்பாக்கத்து உள்தெருவில் திரும்ப முடியாது. ஒரு மாடி எடுப்பவர் வாங்கும் அரை டன் கம்பிக்கு லாரி வாடகை கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொள்ளலாம். இடர் தொடங்குவது வண்டியில் இல்லை, நீளத்தில்.

ஆலையிலிருந்து வரும் முறுக்குக் கம்பி 12 மீட்டர், அதாவது 40 அடி. சாத்தங்காடு இரும்புச் சந்தையிலிருந்து டிரெய்லரில் நீளவாக்கில் வருவது, புறநகர்க் கடையிலிருந்து கிளம்பும்போது பெரும்பாலும் நடுவில் மடிக்கப்பட்டு ஆறு மீட்டராகிறது. இரும்புக் குழாய்கள் பிறவியிலேயே ஆறு மீட்டர். ஏஸ் வண்டியின் மொத்த நீளமோ முன் பம்பரிலிருந்து பின் விளக்கு வரை 3.8 மீட்டர், அதில் சரக்கு வைக்கும் பாடி சுமார் 2.2 மீட்டர். ஆக, கம்பியின் முன்நுனியைக் கேபினுக்கு மேலே ஏற்றி, வண்டியின் மூக்குக்கு நேராக வைத்தால்கூடப் பின்னால் 2.2 மீட்டர் வெளியே நிற்கும். இன்னொரு பாடியைக் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் கோத்துக்கொண்டு வண்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 10 அடி பாடியுள்ள பெரிய பிக்கப்பிலும் கணக்கு முழுதாகத் தீர்வதில்லை. வெளியே நிற்கும் நீளம் குறைகிறது, அவ்வளவே.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93-ஆம் விதி, சரக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ வண்டியைத் தாண்டக் கூடாது என்கிறது. கம்பம் போன்ற நீளப் பொருள்களுக்கு மட்டும் பின்னால் ஒரு மீட்டர் வரை விலக்கு இருந்தது. 2014-இல் அந்த விலக்கும் நீக்கப்பட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194(1ஏ) பிரிவு, அளவை மீறிச் சரக்கு நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்றும், மிகைச் சரக்கை இறக்கும் செலவும் சேரும் என்றும் வரையறுக்கிறது. லோடு ஏற்றும் இடங்களிலோ, மூன்றடி வரை விடலாம், துணி கட்டினால் போதும் என்ற பேச்சு இன்றும் புழங்குகிறது. விதியிலிருந்து எடுபட்டுப் பல ஆண்டுகளான ஒரு மீட்டரின் நினைவு அது. அந்த ஒரு மீட்டர் இன்று உயிரோடு இருந்தாலும் 2.2 மீட்டர் அதற்குள் அடங்காது என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

இனி அந்தத் துணி. இந்த வழக்கத்தின் ஆதாரக் குறை கம்பியைவிடத் துணியில்தான் இருக்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஒரு தவறு. அந்தத் தவறு சரிசெய்யப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையை எல்லாருக்கும் தருவது துணி. ஏற்றியவருக்கு மனம் ஆறுகிறது, ஓட்டுநருக்குச் சாக்கு கிடைக்கிறது, கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறார். வழியில் நிற்கும் காவலருக்கும் ஏதோ ஒரு விதி பின்பற்றப்பட்ட தோற்றம் தெரிகிறது. பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு மட்டும் இதனால் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

முதலில், அது என்ன துணி? கிழிந்த உள்பாவாடை, கட்சிக் கொடியின் ஒரு துண்டு, வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பான பனியன். எது கைக்கு அகப்படுகிறதோ அது. நீளச் சரக்கை அனுமதிக்கும் நாடுகளில்கூட இதை இப்படி விடுவதில்லை. அமெரிக்க விதிகள் நான்கு அடிக்கு மேல் பின்னால் நீட்டும் சரக்குக்கு 18 அங்குலச் சதுரத்தில், ஒளிரும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கொடி வேண்டும் என்கின்றன. இரவில் கொடி போதாது, விளக்கு வேண்டும். பிரிட்டனில் இரண்டு மீட்டரைத் தாண்டினால் கோடு போட்ட எச்சரிக்கைப் பலகையைப் பின்முனையில் மாட்ட வேண்டும். அங்கெல்லாம் கொடி என்பது நீளத்துக்கு வரம்பு கட்டிய பிறகு வருவது. இங்கே வரம்பு போய்விட்டது, கொடி மட்டும் தங்கிவிட்டது, அதுவும் கந்தலாக.

அடுத்தது நிறம். மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண் முதலில் இழக்கும் நிறம் சிவப்பு. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்ன விஷயம் இது: அந்தியில் செம்பூ கருத்துப் போகும், அதே நேரம் இலைகள் வெளிறித் தெரியும். கம்பி லோடுகள் நகர்வதோ நெரிசல் குறைந்த விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும். துணி எந்த நேரத்தில் தேவைப்படுகிறதோ சரியாக அந்த நேரத்தில் அது கறுப்புத் துணியாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, தொங்கும் கம்பியும் இறக்கிவிட்ட பின்டோரும் வண்டியின் பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் பாதி மறைத்துவிடுகின்றன. உண்மையில் ஒளி தரும் பொருளை மூடிவிட்டு, ஒளி தராத பொருளைத் தொங்கவிடுவதில் என்ன தர்க்கம் இருக்கிறதோ!

மூன்றாவது, தூரம். 12 மில்லிமீட்டர் கம்பியின் வெட்டுமுனை ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். நேர் பின்னால் வருபவருக்குக் கம்பியின் நீளம் தெரியவே தெரியாது. புள்ளிக் கூட்டம் ஒன்றுதான் தெரியும். அவருடைய மூளை இடைவெளியை அளப்பது வண்டியின் உடலை வைத்து. அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் ஊர்ந்து போகும்போது நான்கு மீட்டர் இடைவெளி விட்டதாக ஒருவர் நினைத்தால், அவர் முகத்துக்கும் கம்பி முனைக்கும் இடையே இருப்பது இரண்டு மீட்டருக்கும் குறைவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மீட்டரைக் கடக்க விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. பிரேக்கை மிதிக்கலாமா என்று கால் யோசிப்பதற்கே அதைவிட நேரம் ஆகும். கேபின் மேலிருந்து பின்னோக்கிச் சரியும் கம்பியின் நுனி பெரும்பாலும் நிற்கும் உயரம் ஸ்கூட்டர் ஓட்டுபவரின் நெஞ்சும் கழுத்தும். ஹெல்மெட் காப்பது தலையை.

நேர் பின்னால் வராதவரும் தப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்அச்சுக்குப் பின்னால் இருக்கும் பகுதி வலப்பக்கம் வீசும். சாதாரண ஏஸில் அந்த வீச்சு ஒரு சாணுக்கு மேல் போகாது. பின்னால் இரண்டு மீட்டர் கூடுதலாக நீண்டால் அது பக்கத்துத் தடத்தையே துடைத்துக்கொண்டு போகிற துடைப்பமாகிவிடும். குழிகளில் வண்டி குதிக்கும்போது கம்பி மேலும் கீழும் சாட்டை போல் அடிப்பது தனி. துணி இந்த அசைவுகள் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கம்பியோடு சேர்ந்து அதுவும் ஆடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, துணி பொறுப்பை இடம் மாற்றுகிறது. சரக்கைக் கட்ட வேண்டியவர் கடமை, பின்னால் வருபவர் கவனமாக இருக்க வேண்டிய கடமையாக மாறிவிடுகிறது. விபத்து நடந்த மறுநாள் கேட்கப்படும் முதற்கேள்வி, கம்பி ஏன் நீண்டது என்று இருக்க வேண்டும். துணி கட்டியிருந்ததா என்றுதான் தெருவில் கேட்கிறார்கள். கட்டியிருந்தது என்றால் வழக்கு பாதி முடிந்தது போல ஒரு பெருமூச்சு. கட்டிய துணி நீதிமன்றத்தில் எந்தத் தற்காப்பும் ஆகாது. கவனக்குறைவால் உயிரிழப்பை ஏற்படுத்தினால் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பழைய 304ஏ பிரிவில் அது இரண்டாண்டு.

கயிறும் எடையும் இதற்கு அடுத்த குறைகள். சுருக்கமாகச் சொன்னால் போதும். கயிறு கம்பிக் கட்டைக் கீழ்நோக்கி அழுத்துமே தவிர, முன்னும் பின்னும் நழுவுவதைத் தடுப்பது அரிது. நைலான் கயிறு வழியிலேயே இளகும்; கட்டின் நடுவில் உள்ள கம்பிகளை அது தொடுவதே இல்லை. ஏஸின் சுமை வரம்பு 750 கிலோ. 12 மி.மீ. முழுக்கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ, ஆகவே 70 கம்பிகளோடு வரம்பு முடிந்துவிடும். கடைகளில் வழக்கமான ஆர்டரோ ஒரு டன். சுமையின் நடுப்புள்ளி பின்அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் முன்சக்கரத்தின் பிடி தளரும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று ஓட்டுநர் சொல்வது வசதியைப் பற்றிய செய்தி அன்று.

வேறு வழி இல்லை என்பது இந்த முறையின் கடைசி அரண். குழாய்களைப் பொறுத்தவரை அது எளிதில் இடிந்துவிடும். ஆறு மீட்டர் குழாயைக் கடையிலேயே இரண்டாக அறுத்தால் மூன்று மீட்டர்; 10 அடி பாடி பிக்கப்பில் டோரை மூடியே கொண்டு போகலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் அந்தக் குழாய் இறங்கிய அரை மணி நேரத்தில் எப்படியும் அறுபடத்தான் போகிறது. கம்பியில் வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் இருக்கிறது: வெட்டினால் இணைப்புக்கு மேல்படிய வைக்கும் நீளம் வீணாகும். எவ்வளவு வீண்? 12 மி.மீ. கம்பிக்கு விட்டத்தின் 50 மடங்கு என்று தாராளமாக வைத்தால் ஓர் இணைப்புக்கு 60 சென்டிமீட்டர், சுமார் 530 கிராம். கிலோ 60 ரூபாய் என்றால் 32 ரூபாய். தூண் கம்பிகளும் லிண்டல் கம்பிகளும் 12 மீட்டர் முழுதாகப் போவதே இல்லை. தளத்தில் கம்பி கட்டுபவர் வெட்டித்தான் போடுகிறார். நடுவில் மடித்து, இறக்கியபின் சுத்தியலால் நிமிர்த்துவதால் அந்த இடத்தில் கம்பியின் வளையும் தன்மை குறைவதை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. வரைபடத்தைப் பார்த்துக் கடையிலேயே வெட்டி வளைத்துக் கொடுக்கும் முறை பெரிய கட்டுமானங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. ஒரு மாடி வீட்டுக்கு அதைச் செய்யத் தேவை ஒரு கட்டிங் மெஷினும் ஒரு ஆளும். ஆறு மீட்டராகவே வேண்டும் என்று நிற்பவருக்கு 20 அடி பாடி லாரி உண்டு. தெருமுனை வரை அது வரட்டும். அங்கிருந்து தோளில் சுமக்கலாம், அந்தக் கூலியும் கட்டடச் செலவுதான்.

194(1ஏ) பிரிவு ஓட்டுபவரோடு நிற்கவில்லை. அப்படி ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. ஏற்றிவிட்ட கடையும், அந்த நீளத்திலேயே வேண்டும் என்று கேட்ட கட்டடக்காரரும் அதற்குள் வருவார்கள். நடைமுறையில் சலான் விழுவது வண்டி நம்பரின் மேல். மாதத் தவணை கட்டும் ஓட்டுநர் அதை வாடகையில் ஒரு செலவாக ஏற்றிக்கொள்கிறார். யார் ஏற்றினார்கள் என்று கண்டுபிடிப்பதும் கடினமில்லை. கம்பியோடு வரும் பில்லில் கடையின் பெயர், கம்பியின் விட்டம், எடை, வண்டி நம்பர் எல்லாம் இருக்கும். எத்தனை மீட்டராக ஏற்றினார்கள் என்பதற்கு மட்டும் அதில் வழக்கமாக இடம் விடுவதில்லை.