யுபிஎஸ்ஆர் போனது சரி, அளவுகோல் எங்கே?



1988-இல் தொடங்கிய யுபிஎஸ்ஆர் தேர்வைக் கல்வி அமைச்சு 2021-இல் நிறுத்தியது. மறு ஆண்டே படிவம் மூன்றின் பிடி3 தேர்வும் போனது. அதன்பின் ஒரு பிள்ளை நாடு தழுவிய பொதுத்தேர்வை முதன்முதலாகச் சந்தித்தது பதினேழு வயதில், எஸ்பிஎம்-இல்தான். பலர் இதைக் கைதட்டி வரவேற்றார்கள். அந்த வரவேற்பில் பாதிதான் நியாயம்.

நியாயமான பாதியை முதலில் பார்ப்போம். தமிழ்ப்பள்ளியில் யுபிஎஸ்ஆர் என்றாலே ‘7ஏ’, 2016-க்குப் பிறகு ‘8ஏ’. எடுத்த பிள்ளைக்கு மாலை, பத்திரிகையில் படம். ஆறாம் ஆண்டு முழுக்க மாதிரித் தாள்தான். கதை வாசிப்பும் அறிவியல் சோதனையும் ஓரங்கட்டப்பட்டன. தேறவே மாட்டான் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை பின் வரிசையிலேயே இருந்துவிட்டான்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளுக்கு இன்னொரு அநியாயமும் நடந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் ஆறே பிள்ளைகள். ஒருவன் தவறினால் தேர்ச்சி 100-லிருந்து 83 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 120 பேர் எழுதும் பட்டணத்துப் பள்ளியில் ஒருவன் தவறினால் ஒரு விழுக்காடுகூடக் குறையாது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து, “இந்தப் பள்ளி சரிந்துவிட்டது” என்று சொன்னால் அது மதிப்பீடா? இல்லவே இல்லை.

சரி, மறு பாதி? தோட்டத்துப் பிள்ளை ஆறு ஆண்டுகள் தமிழில் படிக்கிறான். படிவம் ஒன்றில் தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ உள்ள இடைநிலைப் பள்ளியில் காலடி வைத்ததும் வரலாறு, புவியியல் எல்லாமே மலாயில். யுபிஎஸ்ஆர் காலத்தில் மலாய்த் தாள்களில் தேறாதவர் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்தார். அது பிள்ளைக்குக் கசப்பான மருந்துதான். ஆனால் நோய் இருக்கிறது என்பதாவது பள்ளிக்கு வெளியே ஒருவருக்குத் தெரிந்தது.

இப்போது வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது, அடைவுநிலை 1 முதல் 6 வரை. ஆண்டிறுதித் தேர்வும் இருக்கிறது. முக்கியப் பாடங்களுக்குத் தேர்வு வாரியம் கேள்வி தருகிறது, நடத்துவதும் திருத்துவதும் பள்ளி. தத்துவம் நல்லதுதான். ஆனால் ஓர் ஆசிரியர் போடும் 4, இன்னொருவர் போடும் 4-க்குச் சமமா? யுபிஎஸ்ஆர் போனபின் சரிபார்க்க வெளியே அளவுகோல் இல்லாமல் போனது. கருணையால் போட்ட ஒரு 4, அந்தப் பிள்ளையின் பலவீனத்தை எஸ்பிஎம் வரை மூடி வைத்துவிடும். எஸ்பிஎம்-இல் மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. அந்த வயதில் கண்டுபிடித்து யாருக்கு என்ன லாபம்?

அதற்காக யுபிஎஸ்ஆர் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. வேண்டியது நான்காம் ஆண்டில் வாசிப்புக்கும் கணக்குக்கும் ஒரு சிறிய பொதுச் சோதனை. முடிவு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மட்டும் போகட்டும். பட்டியலும் வேண்டாம், மாலையும் வேண்டாம். சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் கையில் இருக்கும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் தவணைக்கு ஒருமுறை பத்துக் கட்டுரைத் தாள்களை மாற்றிக்கொண்டு திருத்துங்கள். யாருடைய 4 தாராளம், யாருடையது கறார் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். பெற்றோரிடம் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள்; “பத்தியை வாசிக்கிறான், கருத்தைச் சொல்லத் தெரியவில்லை” என்று சொல்லுங்கள். தேயிலை பறித்துவிட்டு வரும் அம்மாவுக்கு அது புரியும்.

மாணவர்களே, ‘பொதுத்தேர்வு தேவையா’ என்று கட்டுரைக்குத் தலைப்பு வந்தால், ‘தேவை’, ‘தேவையில்லை’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். யாரை அளக்கிறது, முடிவு யார் கைக்குப் போகிறது, திருத்த நேரம் இருக்கிறதா — இந்த மூன்றையும் கேட்டு எழுதுங்கள்.